கிழக்காசிய மொழிக் கல்வியும் தமிழாய்வும்: பல்கலைக்கழகக் கற்கைநெறியின் அமைப்பும் பயனும்

முன்னுரை

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கற்பலகை இருக்கிறது. 1911 ஆம் ஆண்டு காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அப்பலகையில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. மிங் பேரரசரின் பெயரால் எழுதப்பட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இலங்கைக்கு வந்த அக்கல்வெட்டு 1409 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு அளித்தவற்றைக் கூறுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைத் தழுவி அமைகிறது. வழிபடப்படுபவர் வேறுபட, காணிக்கைப் பட்டியல்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்துள்ளன.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன அரசுக்குத் தமிழ் எழுத வல்லார் ஒருவர் தேவைப்பட்டார், கிடைக்கவும் செய்தார். அறுநூறு ஆண்டுகளின் பின்னர், அதே கல்லின் சீனப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் மூலத்திலேயே ஒருசேரப் படிக்கவல்ல தமிழாய்வாளரைக் காண்பது அரிதாக உள்ளது. தமிழரைப் பற்றிய சீனக் குறிப்புகளை நாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அறிந்துவருகிறோம்.

சீனம், யப்பானியம், கொரியம் ஆகிய மொழிகள் பல்கலைக்கழகங்களில் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன என்பதை விளக்குவதும், தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட மாணவர் ஒருவருக்கு அக்கல்வியில் எது எளிது, எது கடினம் என்பதைக் காட்டுவதும், அக்கல்வியால் தமிழாய்வு பெறக்கூடிய உண்மைப் பயன் எது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். அப்பயன் சொல்லொப்புமை தேடுவதில் இல்லை, மூலங்களைப் படிப்பதில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. துறையின் தோற்றமும் அமைப்பும்

பாரிசிலுள்ள கொலேஜ் த பிரான்சில் 1814 ஆம் ஆண்டு சீனத்துக்கும் சமற்கிருதத்துக்கும் பேராசிரியர் இருக்கைகள் ஒருங்கே நிறுவப்பட்டன. சீன இருக்கையை ஆபெல் ரெமுசா ஏற்றார். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1855 இல் யப்பானிய மொழிக்கெனப் பேராசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இலண்டனில் கீழைத்தேயக் கல்விக்கான கல்லூரி 1916 இல் உருவானது. இவற்றுக்குப் பின்னால் வணிகமும் சமயப் பரப்புரையும் பேரரசு நிர்வாகமும் இருந்தன என்பது வெளிப்படை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலை மாறியது. பிரித்தானியாவில் 1947 இல் வெளியான ஸ்கார்பரோ அறிக்கையும், அமெரிக்காவில் 1958 இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும் இத்தகைய மொழிகளுக்குப் பொதுப்பணம் கிடைக்க வழிசெய்தன. பின்னாளில் அந்நாடுகளே முன்வந்தன. யப்பான் அறக்கட்டளை 1972 இலும் கொரியா அறக்கட்டளை 1991 இலும் தோன்றி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பதவிகளுக்கும் நூலகங்களுக்கும் மாணவர் புலமைப்பரிசில்களுக்கும் துணைநின்று வருகின்றன. மாணவரின் ஆர்வம் மட்டுமே ஒரு மொழித் துறையை வளர்த்துவிடாது. நீடித்து நிற்கும் ஆசிரியர் பதவியும் படிநிலைப் பாடநூலும் உதவித்தொகையும் சேர்ந்தே அதனை வளர்க்கின்றன.

மூன்று மொழிகளும் பெரும்பாலும் ஒரே துறையின்கீழ் அமைவதற்குக் காரணம் உண்டு. அவை ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சீனம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சார்ந்தது. யப்பானியமும் கொரியமும் அமைப்பில் அதனின்று முற்றிலும் வேறுபட்டவை. ஆயினும் பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்தும் செம்மொழிச் சீனமும் கொரியா, யப்பான், வியட்நாம் ஆகிய நாடுகளில் அறிவுலகின் பொது எழுத்துமொழியாக விளங்கின. ஆதலால், அவற்றுள் ஒன்றை ஆழமாகக் கற்பவர் மற்றவற்றின் வாயிலையேனும் தொட்டே ஆக வேண்டும்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இக்கற்கைநெறி நான்கு ஆண்டுகளைக் கொண்டது. முதலாண்டு பேச்சும் எழுத்தும் அடிப்படை இலக்கணமும் கொண்ட தீவிரப் பயிற்சியாகும். இடையில் ஓராண்டு அம்மொழி வழங்கும் நாட்டிலேயே கழிகிறது. செம்மொழிப் பயிற்சியும் வரலாறு, இலக்கியம், சமயம் ஆகிய பாடங்களும் உடன்வருகின்றன. இறுதியாண்டில் மாணவர் மூல நூல்களைக் கொண்டு ஓர் ஆய்வேடு எழுதுகிறார்.

2. காலத்தின் கணக்கு

இம்மொழிகளைக் கற்க எவ்வளவு காலம் வேண்டும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஆங்கிலம் பேசும் அரசப் பணியாளருக்கு மொழி பயிற்றும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கு இதற்கு ஓரளவு விடை தரும். தொழில் நிலையில் பயன்படுத்தும் தேர்ச்சிக்குச் சீனம், யப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஏறத்தாழ 2200 வகுப்பு மணி தேவை என அது கணிக்கிறது. அதே கணக்கில் தமிழுக்கு 1100 மணி.

இக்கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரை நோக்கியது. தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்த புலம்பெயர் மாணவருக்கு அது அப்படியே பொருந்தாது. யப்பானியத்திலும் கொரியத்திலும் இலக்கணப் பகுதி அவருக்குச் சுருங்கும். எழுத்துப் பகுதி சுருங்காது. சீனத்தில் இரண்டுமே எளிதாகா.

3. எழுத்துப் பயிற்சி

கொரிய எழுத்தை மன்னர் செசோங் 1443 இல் வகுத்து 1446 இல் நாட்டுக்கு அறிவித்தார். இன்று அதன் அடிப்படை எழுத்துகள் 24. அவற்றை மாணவர் ஒரு வாரத்தில் கற்கலாம். தமிழ் மாணவருக்கு இங்கே ஒரு வசதி காத்திருக்கிறது. கொரியத்தின் க, த, ப, ச வரிசை எழுத்துகள் சொல்லின் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கிடையே மெல்லிய ஒலியாகவும் ஒலிக்கின்றன. கடை என்னும் பொருளுடைய கொரியச் சொல்லைத் தமிழில் ‘ககே’ என எழுதினால், தமிழர் வாய் முதற் ககரத்தையும் இடைக் ககரத்தையும் தானாகவே வேறுபடுத்தி ஒலிக்கும். கொரியர் ஒலிப்பும் அதற்கு அண்மையதே. ஓரெழுத்துக்கு ஈரொலி என்பது ஆங்கில மாணவருக்குத் தனிப் பாடம். நமக்கு அது இயல்பு. ஆனால் கொரியத்தில் மூச்சுடன் ஒலிக்கும் மூன்றாவது வரிசையும் உண்டு. அங்கே தமிழர் மற்றவரைப் போலவே உழைக்க வேண்டும்.

யப்பானியர் இருவகைக் கனா எழுத்துகளோடு சீன எழுத்துகளையும் கலந்து எழுதுகின்றனர். அன்றாடப் பயன்பாட்டுக்குரிய சீன எழுத்துகள் என 2010 இல் திருத்தப்பட்ட அரசப் பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்குச் சீனவழி ஒலிப்பு, யப்பானிய ஒலிப்பு என ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் உண்டு. சீனத்தில் 2013 இல் வெளியான பொது எழுத்துப் பட்டியல் 8105 எழுத்துகளைக் கொண்டது. அவற்றுள் முதனிலையில் வைக்கப்பட்டவை 3500. அதனோடு, 1956 முதல் சீன மக்கள் குடியரசில் வழங்கும் எளிமையாக்கப்பட்ட வடிவத்தையும், தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் வழங்கும் மரபு வடிவத்தையும் ஆய்வு மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். பழைய நூல்கள் அனைத்தும் மரபு வடிவத்தில் உள்ளவை.

யப்பானிய அகராதியைத் திறக்கும் தமிழ் மாணவருக்கு ஒரு வியப்பு உண்டு. அங்கே உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்ற வரிசையில் நிற்கின்றன. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ எனச் செல்கிறது. இதில் ஹகரம் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது. நம் நெடுங்கணக்கிலிருந்து யப்பானியத்தில் இல்லாதவற்றை நீக்கினால் எஞ்சுவது இதே வரிசைதான். இதனை இரு மொழிகளின் உறவுக்குச் சான்றாகச் சிலர் காட்டுவதுண்டு. அது பிழை. பௌத்த மந்திரங்களைச் சரிவர ஒலிக்கும்பொருட்டுச் சித்தம் என்னும் இந்திய எழுத்தைப் பயின்ற துறவிகள் வழியாகவே அவ்வரிசை யப்பானை அடைந்தது. அது குருதியுறவைக் காட்டவில்லை, கல்வியுறவைக் காட்டுகிறது. கல்வியுறவும் பெருமைக்குரியதே.

4. தொடரமைப்பு: தமிழ் மாணவரின் வசதி

யப்பானியத்திலும் கொரியத்திலும் வினை இறுதியில் நிற்கும். வேற்றுமை உருபுக்கு ஒப்பானவை பெயரின் பின்னர் வரும். எச்சங்கள் தாம் தழுவும் சொல்லுக்கு முன்னர் வரும். ‘கினோ கத்தா ஹொன்’ என்னும் யப்பானியத் தொடர் ‘நேற்று வாங்கிய புத்தகம்’ எனச் சொல்லுக்குச் சொல் தமிழாகும். ஆங்கில மாணவர் இத்தொடரைப் பின்னிருந்து முன்னாகப் பிரித்துப் பார்க்கிறார். தமிழ் மாணவரோ அதனைப் பெயரெச்சத் தொடராகக் கேட்ட மாத்திரத்தில் உணர்கிறார்.

வினையெச்சமும் துணைவினையும் சேரும் முறை இன்னும் நெருக்கமானது. வீட்டைவிட்டுப் புறப்படும் யப்பானியர் ‘இத்தே கிமாசு’ என்பர். சொற்படி அது ‘போய் வருகிறேன்’ என்பதே. உண்டு சோதித்தலைக் குறிக்க யப்பானியர் ‘தபெதே மிரு’ என்றும் கொரியர் ‘மொகொ பொதா’ என்றும் சொல்வர். இரண்டிலும் பின்வரும் வினை ‘பார்’ என்னும் பொருளது. ‘சாப்பிட்டுப் பார்’ என்ற நம் வழக்கை அறிந்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. முன்னேற்பாடாக ஒன்றைச் செய்து ‘வைத்தல்’, ஒன்றைச் செய்து முடித்து ‘விடுதல்’ ஆகியவற்றுக்கும் யப்பானியத்தில் நேரொத்த துணைவினைகள் உண்டு. ‘என்று’ போல மேற்கோளின் இறுதியில் வரும் இடைச்சொல்லும் உண்டு.

சுட்டுப்பெயர்களைக் கற்பிக்கும்போது யாழ்ப்பாணத்து மாணவருக்குத் தனிச் சிறப்பு ஒன்று வெளிப்படும். யப்பானியச் சுட்டு மூன்று நிலைகளைக் கொண்டது: பேசுவோரின் அண்மை, கேட்போரின் அண்மை, இருவருக்கும் சேய்மை. பழந்தமிழின் இ, உ, அ என்னும் முச்சுட்டில் உகரச் சுட்டு தமிழகப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது என்ன?’, ‘உவன் ஆர்?’ என இன்றும் கேட்கிறோம். அம்மொழிச் சூழலில் வளர்ந்த மாணவர் ‘சொரே’ என்ற யப்பானியச் சொல்லை ‘உது’ என ஒருமுறை கேட்டால் போதும், மறக்கமாட்டார்.

வேறுபாடுகளையும் மறைத்தல் ஆகாது. யப்பானிய வினையும் கொரிய வினையும் தமிழ்போல் திணை, பால், எண், இடம் காட்டா. மாறாக, பேசுவோருக்கும் கேட்போருக்கும் பேசப்படுவோருக்கும் இடையிலான மதிப்புநிலையை அவை நுணுக்கமாகக் காட்டும். நீ, நீர், நீங்கள் என்பவற்றை அறிந்த நமக்கு அதன் தேவை புரியும். அதன் விரிவு புதியது. சீனமோ முற்றிலும் வேறான மொழி. அதில் வேற்றுமை உருபு இல்லை, காலம் காட்டும் இடைநிலை இல்லை. சொற்கள் நிற்கும் ஒழுங்கும் ஒருசில இடைச்சொற்களுமே பொருளைத் தாங்குகின்றன. பொதுச்சீனத்தின் நான்கு தொனிகளுக்குத் தமிழ்ச் செவி பழக்கப்பட்டதன்று.

5. செம்மொழிச் சீனம்: பலர் கைவிடும் படி

இன்றைய பேச்சுச் சீனம் அறிந்தவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வரலாற்று நூலைப் படித்துவிட இயலாது. நாளிதழ்த் தமிழ் மட்டும் அறிந்தவர் சங்கச் செய்யுளைப் படிக்க இயலாததைப் போன்றது இது. செம்மொழிச் சீனம் சுருக்கமானது. எழுவாயை அடிக்கடி விடுவது. பழைய பதிப்புகளில் நிறுத்தற்குறி பெரும்பாலும் அற்றது. எங்கே தொடர் முடிகிறது என்பதையே படிப்பவர் தீர்மானிக்க வேண்டும். புள்ளியற்ற ஏட்டுச் சுவடியையும் உரையாசிரியரின் துணையோடு செய்யுளைப் பிரிக்கும் முறையையும் பயின்ற தமிழ் மாணவருக்கு இவ்வகைப் படிப்பின் ஒழுக்கம் அந்நியமானதன்று. யப்பானியர் செம்மொழிச் சீனத் தொடரின் ஓரத்தில் சிறு குறிகள் இட்டு, சொற்களைத் தம் மொழியின் ஒழுங்குக்கு மாற்றிப் படிக்கும் மரபை வளர்த்தனர். அதனை மாணவருக்கு விளக்க ‘கொண்டுகூட்டு’ என்ற ஒரு சொல்லே போதும்.

இப்படியில்தான் மாணவர் பலர் நின்றுவிடுகின்றனர். வேலைவாய்ப்புக்கு இன்றைய மொழி போதும் என்பது அவர்களின் நியாயம். கலாநிதிப் பட்ட ஆய்வின்போது யப்பானியத்தை இரண்டு ஆண்டுகள் பயின்ற நானும் செம்மொழிச் சீன வகுப்பை ஓராண்டோடு கைவிட்டேன். எனக்குத் தேவையான சீனக் குறிப்புகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் இருக்கின்றனவே என்று அப்போது எனக்கு அறிவுரை கூறப்பட்டது. நானும் மகிழ்ச்சியோடு அதனை ஏற்றேன். அதன் விலையைப் பின்னர் கொடுத்தேன்.

6. பழைய ஒலிப்பும் தமிழ்ப் பெயர்களும்

சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் சொங் அரசவையை அடைந்த செய்தி அவ்வரசமரபின் வரலாற்று நூலில் உள்ளது. அதில் சோழநாடு இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படுகிறது. இன்றைய பொதுச்சீன ஒலிப்பில் அது ஏறத்தாழ ‘சூ-நியன்’ ஆகும். ஆய்வரங்கு ஒன்றில் நான் படித்த கட்டுரையில், இப்பெயரின் பின்பகுதி ‘நாடு’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு எனவும், ஆகவே முழுப்பெயர் ‘சோழநாடு’ என்பதன் ஒலிபெயர்ப்பு எனவும் வாதிட்டேன். அவையில் வரவேற்பும் கிடைத்தது. கலந்துரையாடலில், பின்வரிசையிலிருந்த சீனவியல் மாணவர் ஒருவர் எழுந்து, அவ்விரண்டாம் எழுத்து அக்காலத்தில் நகரத்தோடு தொடங்கவில்லை, லகரத்தோடு தொடங்கி ‘லியென்’ என ஒலித்தது. இன்றும் யப்பானியர் அதனை ‘ரென்’ என்றும் கொரியர் ‘ரியொன்’ என்றும் படிக்கின்றனர் என்றார். என் வாதம் அக்கணமே வீழ்ந்தது. ஆனால் அவர் தந்த செய்தி என் வாதத்தினும் மேலானது. சீனப் பெயரின் லகரம் நம் ழகரத்தின் சுவடு. அப்பெயர் சோழர் பெயருக்கு நான் எண்ணியதைவிட அணுக்கமானது.

இந்நிகழ்ச்சி, மூன்று மொழிகளையும் ஏன் சேர்த்துக் கற்பிக்கின்றனர் என்பதை எனக்கு விளங்கவைத்தது. இன்றைய பொதுச்சீனம் இழந்துவிட்ட பழைய ஒலிகள் பல, கொரியரும் யப்பானியரும் முற்காலத்தில் கடன்கொண்ட வாசிப்புகளிலும் கந்தோனியம் போன்ற தென்சீன வழக்குகளிலும் எஞ்சியுள்ளன. புத்தரைக் குறிக்கும் எழுத்தைப் பொதுச்சீனர் ‘ஃபோ’ என்பர். ‘புத்த’ என்பதோடு அதற்குள்ள தொடர்பு செவிக்குப் புலப்படாது. யப்பானியரின் ‘புத்சு’, கொரியரின் ‘புல்’, கந்தோனியரின் ‘ஃபத்’ ஆகியவற்றை அருகருகே வைத்தால் தொடர்பு தானே தெரியும். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் திராவிட நாட்டின் தலைநகராகக் கூறும் பெயர் இன்றைய ஒலிப்பில் ‘சியன்-சி-பு-லுவோ’ போன்று கேட்கும். முதலெழுத்து அந்நாளில் ககரத்தோடு தொடங்கியது என்றறிந்தவருக்கே அது காஞ்சிபுரமாகத் தோன்றும்.

இவ்வாறு படிக்க வேண்டிய மூலங்கள் சில அல்ல. சௌ சூகுவா 1225 ஆம் ஆண்டளவில் எழுதிய அயல்நாட்டுக் குறிப்புகளில் சோழநாட்டைப் பற்றிய பகுதி உண்டு. அந்நூலை ஹிர்த், ரொக்ஹில் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் 1911 இல் வெளியிட்டனர். பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாங் தாயுவான், சீன எழுத்துப் பொறித்த ஒரு கோபுரத்தைப் பற்றி எழுதினார். அது 1267 இல் கட்டி முடிக்கப்பட்டதாக அவர் கூறுகிறார். அறிஞர் பலர் அதனை நாகப்பட்டினத்தில் நின்று 1867 இல் இடிக்கப்பட்ட கோபுரத்தோடு இணைக்கின்றனர். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே சிவன் கோயில் ஒன்று எடுக்கப்பட்டதைக் கூறுகிறது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. நீலகண்ட சாத்திரியார் 1939 இல் தொகுத்து வெளியிட்ட தென்னிந்தியா பற்றிய அயலார் குறிப்புகள் நம் தலைமுறைக்குப் பேருதவி புரிந்தன. அவையும் பிறர் மொழிபெயர்ப்பைச் சார்ந்தே சீனப் பகுதிகளைத் தந்தன. அண்மைக் காலத்தில் சோழநாடு பற்றிய சீனப் பனுவல்களைத் தொகுத்து மொழிபெயர்த்து 2009 இல் வெளியிட்டவர்கள் நொபொரு கராஷிமாவும் தான்சென் சென்னும் ஆவர். கராஷிமா யப்பானியர், தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்று வாழ்நாள் முழுவதும் அவற்றில் உழைத்தவர். ஒரு யப்பானியர் தமிழுக்கு வந்து செய்த பணியை, ஒரு தமிழர் சீனத்துக்குச் சென்று செய்வதற்கு என்ன தடை?

7. ஒப்புமையும் உறவும்

தமிழ் அவைகளில் கிழக்காசிய மொழிகள் பேசப்படும்போது பெரும்பாலும் உறவுக் கொள்கையே முன்வருகிறது. ஹோமர் ஹல்பர்ட் 1905 இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008) யப்பானியத்துக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டு ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு உழைத்தனர். தமிழை யப்பானியப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற அவ்வுழைப்பு நன்றிக்குரியது. எனினும் வரலாற்று மொழியியலாளரில் பெரும்பான்மையோர் அவ்வுறவை ஏற்கவில்லை என்பதை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடரமைப்பின் ஒப்புமை உறவை நிறுவாது. வினை இறுதியில் நிற்கும் மொழிகள் உலகில் மிகப் பல. முறையான ஒலியிணைகளே உறவை நிறுவும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். யப்பானிய ‘இரு’ என்னும் வினையும் தமிழ் ‘இரு’ என்னும் வினையும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதைக் கண்டு முதலாண்டு மாணவர் துள்ளுவர். பழைய யப்பானியத்தில் அவ்வினை வகரத்தோடு தொடங்கி ‘வி-’ என நின்றது என்பதை மூன்றாமாண்டில் அறிவர். ஒப்பிட வேண்டியது அப்பழைய வடிவத்தையே அன்றி இன்றைய வடிவத்தை அன்று. கொரியத்தின் ‘ஒம்மா’, ‘அப்பா’ என்பன போன்ற மழலைச் சொற்கள் தொடர்பற்ற பல மொழிகளிலும் காணப்படுவன.

வரலாற்றுக் கதைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் எனத் தமிழுலகம் உறுதியாக நம்புகிறது. அவரைக் குறிக்கும் மிகப் பழைய சீன நூல், யாங் சுவான்சி 547 ஆம் ஆண்டளவில் எழுதியது. அது அவரைப் பாரசீக நாட்டவர் என்கிறது. தான்லின் என்பாரின் முன்னுரை அவரைத் தென்னிந்தியர் எனவும் அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் எனவும் கூறுகிறது. இரண்டிலும் காஞ்சியும் இல்லை, பல்லவரும் இல்லை. அவ்வாறே, கொரிய மன்னரை மணந்த அயுதா நாட்டு இளவரசி தமிழ்ப்பெண் என்ற கூற்று இன்று பரவலாக உள்ளது. அக்கதை நமக்குக் கிடைக்கும் ‘சம்குக் யூசா’ பதின்மூன்றாம் நூற்றாண்டில் செம்மொழிச் சீனத்தில் தொகுக்கப்பட்டது. அது பேசும் நிகழ்ச்சியோ முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையிலுள்ள ஆயிரத்து இருநூறு ஆண்டுகளை விருப்பத்தால் நிரப்ப இயலாது. நாம் மூலத்தைப் படியாமல் உரிமை கோரும்போது, மூலத்தைப் படித்தவர் நம் மெய்யான உரிமைகளையும் ஐயுறத் தொடங்குகிறார். சுவான்சௌக் கல்வெட்டைப் போன்ற உறுதியான சான்றுகளை உடைய நமக்கு அந்த இழப்பு தேவையற்றது.

8. செய்யத்தக்கவை

முதலாவதாக, புலம்பெயர் நாடுகளில் பல்கலைக்கழகம் செல்லும் தமிழ் மாணவருள் கிழக்காசிய மொழிகளை விரும்பிக் கற்போர் ஏற்கெனவே உள்ளனர். கொரியத் தொடர்களும் யப்பானிய வரைகதைகளும் அவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கலாம். அதில் குறை காண வேண்டியதில்லை. அவருள் ஒருவரையேனும் செம்மொழிப் படிவரை செல்லுமாறு ஊக்குவித்தல் தமிழாசிரியர்களின் கடமை.

இரண்டாவதாக, இளங்கலை முதல் கலாநிதிப் பட்டம்வரை இவ்வழி ஏறத்தாழ பத்தாண்டு நீள்வது. தமிழ் அமைப்புகள் வழங்கும் ஓராண்டு உதவித்தொகைகள் இதற்குப் போதா. பலருக்குச் சிறிது அளிப்பதைவிட, ஒருவருக்கோ இருவருக்கோ நீண்ட காலம் அளிப்பதே இங்குப் பயன்தரும். தமிழ்க் கல்வெட்டியலையும் செம்மொழிச் சீனத்தையும் இணைத்துக் கற்கும் நிபந்தனையோடு அதனை வழங்கலாம்.

மூன்றாவதாக, தமிழகத்தையும் ஈழத்தையும் பற்றிய சீனப் பனுவல்களின் தொகுப்பு ஒன்று தமிழில் வேண்டும். மூல எழுத்து, பழைய ஒலிப்பு, சொல்லுக்குச் சொல் உரை, தமிழ் மொழிபெயர்ப்பு என நான்கும் ஒரே பக்கத்தில் அமைதல் நன்று. நம் பதவுரை, பொழிப்புரை மரபு இதற்கு ஆயத்தமான வடிவத்தைத் தந்திருக்கிறது.

நான்காவதாக, சீனப் பெயர்களைத் தமிழில் எழுதுவதற்கு ஆங்கிலத்தைச் சாராத ஒழுங்கு ஒன்று தேவை. சீனத் தலைநகரின் பெயரை ஆங்கில எழுத்தின்வழி நோக்கி ஒலிப்புடைய பகரமாக உச்சரிக்கிறோம். சீனர் வாயில் அது நம் ‘பல்’ என்பதன் முதற் பகரம் போன்ற வல்லொலியே. தமிழ் எழுத்தைத் தமிழ் முறைப்படி படித்தாலே மூலத்தை நெருங்கும் இடங்கள் பல உள்ளன.

முடிவுரை

கிழக்காசிய மொழிக் கல்வி நீண்ட வழி. யப்பானியத்திலும் கொரியத்திலும் தொடரமைப்பு தமிழ் மாணவருக்குக் கைகொடுக்கிறது; எழுத்தும் செம்மொழியும் அவரிடம் மற்றவரைப் போன்றே உழைப்பைக் கேட்கின்றன. அவ்வுழைப்பின் பயனாக நாம் பெறுவது தொலைந்த உறவினரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியன்று. நம் முன்னோரைக் கண்டு எழுதிவைத்த அயலாரின் சொற்களை இடையீடின்றிக் கேட்கும் வாய்ப்பு அது.

சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963 இல் தொடங்கியது. அங்கே தமிழ் கற்ற சீனர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் பேசிவருகின்றனர். கல்வெட்டு எழுதிய காலத்திலும் வானொலிக் காலத்திலும் அவர்கள் நம் மொழியைக் கற்றனர். காலிக் கல்லின் இரண்டு பக்கச் செய்திகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, இந்த அவையில் ஒரு தமிழ் மாணவர் கட்டுரை படிக்கும் நாளை நான் எதிர்நோக்குகிறேன். அவர் கட்டுரையில் என் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.